பூட்டிய சான்றிதழில் என் கையெழுத்து

என் கையெழுத்தை முதல் தடவை திருடியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவது தடவை திருடியவளை நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் அவளும் நானும் மத்தியானச் சாப்பாட்டைப் பங்கு போட்டுத்தான் தின்றோம். ஆகவே இதை நான் நிதானமாகச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபவுண்டரியில் எனக்கு வேலை. இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் சாமான் செய்கிற இடம். நான் லேபில். அவள் டிஸ்பேட்சில், அதாவது சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புகிற பிரிவில். இரண்டு பேரும் வேதியியல் படித்தவர்கள். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். லேபில் ஒரு இடம்தான் இருந்தது, அது எனக்குக் கிடைத்தது. அதற்காக அவள் முகம் சுளித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. காலையில் நான் மீஞ்சூரில் ரயில் ஏறுவேன், அவள் பொன்னேரியில் ஏறுவாள். மாமியார் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் கவரைப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிடும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயங்கள்கூட அவளுக்குத் தெரியும்.

எங்கள் ஃபவுண்டரியில் அதிகம் போகிற சாமான் லக். கனமான இயந்திரங்களைக் கிரேன் தூக்கும்போது கொக்கி மாட்டுவதற்காகப் பொருத்துகிற இரும்புக் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலையில் ஒவ்வொரு முறை உருக்கும்போதும் அதே இரும்பில் ஒரு கட்டையைத் தனியாக ஊற்றி, லேத்தில் கடைந்து, மெஷினில் இரண்டு முனையையும் பிடித்து அறுந்துபோகும் வரை இழுப்போம். அறுபடுமுன் அது எவ்வளவு நீள்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நூற்றுக்கு இருபத்திரண்டு பங்காவது நீள வேண்டும். நீளாமல் பட்டென்று போகிற இரும்பு, தூக்கும்போதும் சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று போய்விடும். கீழே ஆள் நிற்பான்.

அந்த நீளலையும் மற்ற அளவுகளையும் எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டால் அது டெஸ்ட் சர்டிபிகேட். எங்கள் வாயில் டி.சி. லாரியோடு டி.சி. போகாவிட்டால் எந்தக் கம்பெனியும் சரக்கை இறக்க விடாது. வாங்குகிறவன் இரும்பை இழுத்துப் பார்ப்பதில்லை, என் கையெழுத்தைத்தான் பார்க்கிறான். எங்கள் வீட்டில் இப்படியொரு கையெழுத்து அதற்கு முன் கிடையாது. ஆர்.கே.பேட்டை பக்கம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த என் அப்பா, யாரோ கேட்டார்கள் என்று ஒரு காலித் தாளில் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தவர். அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா அவரை ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்தாள். எனக்கு அந்தக் கையெழுத்து உரிமை கிடைத்த அன்று அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

முதல் திருட்டு நடந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். எங்களிடம் கொஞ்சம் சரக்கு வாங்கிய ஒரு வியாபாரி, நாங்கள் அனுப்பிய டி.சி.யில் தேதியையும் எண்களையும் மாற்றி, எங்கிருந்தோ வந்த மட்டமான இரும்புக்கு அதை ஒட்டவைத்து விற்றிருக்கிறான். அவன்தான் மாற்றினானா, அவனிடம் வேலை செய்தவனா, கடைசிவரை தெரியவில்லை. எங்கள் மேனேஜர் அதை என் மேஜைமேல் போட்டபோது கையெழுத்து என்னுடையது, மற்றதெல்லாம் வேறு யாருடையதோ. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை அளக்க எங்கள் லேபில் மெஷின் இல்லை.

அப்போதுதான் பூட்டுகிற வேலையைக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை; இரண்டு வாரம் வீடியோக்களைப் பார்த்து நானே உருட்டிப் பிரட்டிக் கற்றேன். டி.சி.யை பிடிஎஃப் ஆக்கி, படிக்கலாம் ஆனால் திருத்த முடியாது, எழுத்தைக் காப்பி எடுக்க முடியாது என்று பாஸ்வேர்ட் போட்டேன். டி.சி. தயாராகிற எக்செல் கோப்பில், என் கையெழுத்துப் படத்தை யாரும் பிடுங்கி வேறிடத்தில் ஒட்ட முடியாதபடி தாளையே பூட்டினேன். ஒவ்வொரு டி.சி.க்கும் வரிசை எண் கொடுத்தேன். மேனேஜர் எல்லாரையும் மீட்டிங் அறையில் உட்காரவைத்து என்னைச் செய்துகாட்டச் சொன்னார். ஒரு எண்ணை அழிக்கப் பார்த்து முடியாமல் அவரே சிரித்தார்.

"இனிமே நம்ம டி.சி.ய எவனும் தொட முடியாது. மேடம் இரும்புப் பொட்டி மாதிரி பண்ணிட்டாங்க," என்றார்.

அவர் கேட்டுக்கொண்டபடி அதை ஒரு நடைமுறையாகவும் எழுதிக் கொடுத்தேன். 'ஆய்வகப் பொறுப்பாளரின் அனுமதியின்றிச் சான்றிதழில் எந்தத் திருத்தமும் செய்ய இயலாது' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதியபோது எனக்கிருந்த பெருமையை நினைத்தால் இப்போது வாயில் கசக்கிறது.

பெருமை ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம். டி.சி.யில் லாரி எண், ஆர்டர் எண், எத்தனை உருப்படி என்பதெல்லாம் வேண்டும். அவை டிஸ்பேட்சுக்குத்தான் தெரியும், அதுவும் கடைசி நிமிஷத்தில்தான் தெரியும். நான் எல்லாவற்றையும் நிரப்பிப் பூட்டி அனுப்பினால், ஐந்து நிமிஷத்தில் இன்டர்காம் அடிக்கும். லாரி மாறிவிட்டது. திரும்பவும் திறந்து, திருத்தி, பூட்டி அனுப்பினால் நாலு உருப்படியைக் குறைத்துவிட்டார்களாம். இதில் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் எனக்கு மெஷினில் கட்டை இழுபட்டு முடியும். வெளியே லாரி டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். "எத்தினி தபாடி உன்ன கூப்புட்றது? எனக்கே வெக்கமா கீது. சைன் போட்டு காலியா ஒண்ணு குட்த்து வையேன். நீ போன்ல நம்பர சொல்லு, நான் போட்டு பூட்டி அனுப்பிர்றேன். ரெண்டு பேரும் ரயில புடிக்கலாம்."

இது எங்கள் தொழிற்பேட்டையில் ஒன்றும் புதிதில்லை. டி.சி. எழுதுகிற இடமெல்லாம் இப்படிக் காலித் தாளில் கையெழுத்துப் போட்டு டிஸ்பேட்சிடம் கொடுத்துவைக்கிற பழக்கம் உண்டு. லாரி நிற்கக் கூடாது என்பதுதான் இங்கே எல்லாருக்கும் சட்டம். இருந்தாலும் நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, மற்ற எல்லாக் கட்டங்களையும் பூட்டி, எண்கள் நிரப்புகிற கட்டங்களை மட்டும் திறந்துவைத்து, கீழே என் கையெழுத்தோடு ஒரு எக்செல் கோப்பை அவளுக்கு அனுப்பினேன். பிடிஎஃப்பை எப்படிப் பூட்டுவது என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அப்பா தாளில் வைத்துக் கொடுத்ததை மகள் கம்ப்யூட்டரில் வைத்துக் கொடுத்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு நிபந்தனை. நான் வாயால் சொல்லாமல் அவள் எந்த எண்ணையும் போடக் கூடாது. நான் இன்டர்காமில் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள், நான் ம் என்பேன். அப்புறம்தான் பூட்டுவாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. ஒரு தப்புகூட வரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் அவளைப்போல ஆகிவிடுவேன்.

போன வருஷம் பள்ளி விடுமுறைக்கு என் மகனைத் திருவள்ளூரில் அம்மா வீட்டில் விட்டிருந்தேன். அங்கே அவனுக்கு டெங்கு வந்துவிட்டது. செய்தி வந்தபோது நான் லேபில் நின்றுகொண்டிருந்தேன். அவள்தான் என் பையை எடுத்துக் கொடுத்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள்.

"நீ போடி. புள்ளய பாரு. இங்க நான் பாத்துக்குறேன், ஒண்ணியும் கவலப்படாத," என்றாள்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். லேபில் கட்டையை இழுக்கிற ஆபரேட்டர், நடுத்தர வயதுக்காரர், வந்த அளவை ரெஜிஸ்டரில் எழுதிவைத்துவிடுவார். அவள் எனக்கு போனில் படித்துக் காட்டி, நான் சம்மதம் சொன்ன பிறகுதான் டி.சி. போக வேண்டும். அதுதான் ஏற்பாடு. தினமும் சாயங்காலம் அவளிடமிருந்து போன் வரும். "இன்னிக்கி எவ்ளோ கீது?" என்பாள். மகனின் ரத்தத்தில் தட்டணுக்கள் எவ்வளவு என்று கேட்கிறாள். குறைந்திருக்கிறது என்றால் அவளும் அழுவாள். ஏறியிருக்கிறது என்றால் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொல்வாள்.

"லாரி ஏதாவது போச்சா?" என்று இரண்டு தடவை நான் கேட்டேன். "அத்த வுடுடி. மொதல்ல கொழந்த," என்றாள். எனக்கும் விட்டுவிடத்தான் தோன்றியது. எண் எதையும் அவள் படித்துக் காட்டவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. மகன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட அன்று அவளுக்குத்தான் முதலில் சொன்னேன்.

வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். லக் வாங்குகிற கம்பெனியிலிருந்து அவர்களுடைய இன்ஜினியர் கூப்பிட்டார். துளை போடும்போது ஒரு லக்கில் விரிசல் விட்டதாம். சந்தேகப்பட்டு அவர்களே ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பார்த்தால் நீளல் பதினாறுதான் வருகிறதாம்.

"உங்க டி.சி. இருபத்து நாலுன்னு சொல்லுது மேடம். யாராவது நடுவுல மாத்தியிருப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். "சான்ஸே இல்ல சார். எங்க டி.சி. எல்லாம் லாக் பண்ணது. என்னத் தவிர யாரும் கை வைக்க முடியாது," என்றேன். என் வாயாலேயே சொன்னேன். அவர் அதை மெயிலிலும் எழுதச் சொன்னார், எழுதினேன்.

அதன்பிறகுதான் அவர் அனுப்பிய டி.சி.யைத் திறந்தேன். பூட்டு சரியாக இருந்தது. என் கையெழுத்து இருந்தது. நீளல் இருபத்து நாலு. தேதியைப் பார்த்தேன். அன்று நான் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில். ரெஜிஸ்டரை எடுத்துப் புரட்டினால், அந்தத் தடவை உருக்கிய இரும்புக்கு ஆபரேட்டரின் கையெழுத்தில் பதினேழு என்று இருந்தது. கீழே கோடுகூடப் போட்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினேழுதாம்மா. பெயிலுன்னு அந்தம்மா கைல ரெண்டு தபா சொன்னேன். மறுபடி சூடு காட்டணும்னும் சொன்னேன். சரிண்ணா, நான் சொல்லிக்கிறேன்னாங்க," என்றார்.

என் பத்து நாள் விடுப்பில் போன டி.சி. எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். இப்படி நாலு. நாலிலும் ரெஜிஸ்டரில் ஒரு எண், டி.சி.யில் ஒரு எண். கோப்பு எப்போது உருவானது என்று பார்த்தேன். முதல் டி.சி. சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு. என் போனில் அன்றைய அழைப்புகளைத் தேடினேன். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். என் பெயரில் பொய்யை எழுதிப் பூட்டி லாரியில் ஏற்றிவிட்டு, பன்னிரண்டு நிமிஷம் கழித்து என் பிள்ளையின் தட்டணுக்களைக் கேட்டிருக்கிறாள். அன்று நான் அவளிடம் விசும்பியது எனக்கு நினைவிருக்கிறது.

நேரே டிஸ்பேட்சுக்குப் போய் அவள் தலைமுடியைப் பிடித்திருக்க வேண்டும். நான் படித்தவள் இல்லையா, முறைப்படி மேனேஜரிடம் போனேன். நாலு டி.சி.யையும் ரெஜிஸ்டரையும் அவர் முன்னால் பரப்பினேன். அவர் கொதித்து எழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு யார்கிட்டயும் பேச வேணாம். நாளைக்குக் காலைல உக்காந்து பேசலாம்," என்றார்.

சொன்னபடி அன்று சாயங்காலம் நான் பேசவில்லை. ரயிலில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பி கல்யாணத்துக்கு எடுத்த புடவைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். "இந்த மெரூன் உனக்கு சூப்பரா இருக்கும்டி," என்றாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாவம், இவளையும் யாரோ ஏமாற்றியிருப்பார்களோ என்று. மறுநாள்தான் தெரிந்தது, அந்த ரயிலில் ஏறும்போதே அவள் எனக்கு எதிராக ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

மறுநாள் காலை மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் முதலில் நான் எழுதிய நடைமுறையை என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எழுதுனதுதானே மேடம்? அந்த வரிய வாசிங்க."

வாசித்தேன். என் அனுமதி இல்லாமல் எந்தத் திருத்தமும் செய்ய இயலாது.

"நேத்து கஸ்டமருக்கும் அப்படித்தான் மெயில் போட்டிருக்கீங்க. அப்போ உங்க அனுமதி இல்லாம இருபத்து நாலு எப்படி வந்துச்சு?"

நான் போட்ட பூட்டை என் கையிலேயே மாட்டுகிறார் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "இதப் பெருசு பண்ண வேணாம். மறுபடி ஒரு கட்டைய இழுத்தோம், இருபத்து நாலு வந்துச்சுன்னு புதுசா ஒரு டி.சி. போடுங்க. லாக் பண்ணி அனுப்பிடுங்க. ரெஜிஸ்டர்ல ஆபரேட்டர் தப்பா எழுதிட்டாருன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் பிரச்சின இல்ல."

"அதுக்குக் கீழ ஒரு ஆளு நிப்பான் சார். அவனுக்குப் பிரச்சின," என்றேன். "நான் போட மாட்டேன். இந்த நம்பரை எழுதுனது நான் இல்ல. அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில இருந்தேன்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து வைத்தார். அவள் எழுத்து எனக்குத் தெரியாதா? குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பெண் மாதிரி எழுதுவாள். கையெழுத்துப் போட்ட காலிக் கோப்பை ஆய்வகப் பொறுப்பாளரே எனக்கு அனுப்பினார். எண்களை நிரப்பி அனுப்பும்படி அவரே சொன்னார். பாஸ்வேர்ட் போடும் முறையை அவரே கற்றுக்கொடுத்தார். மேற்படி நாளன்று மாலை அவருடன் போனில் பேசினேன்.

இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு பொய்யைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாம் உண்மை. போனில் பேசியதும் உண்மை, வேண்டுமானால் என் போனையே காட்டலாம். என் பிள்ளைக்காக அவள் செய்த அந்த அழைப்பை, நான் எண் சொன்னதற்குச் சாட்சியாக அதில் உட்கார வைத்திருந்தாள். பதினேழை இருபத்து நாலாக்கச் சொன்னது யார் என்பது மட்டும் அந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

அவள் பக்கம் திரும்பினேன். "அந்த நம்பர நான் சொன்னேனா? என் மொகத்தப் பாத்து சொல்லு."

அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "லாரி நின்னுக்கினு இருந்துச்சுடி. சாரு போடுன்னாரு. நீ ஆஸ்பத்திரில புள்ளய வச்சிக்கினு கீற. உன்ன எதுக்கு பேஜாரு பண்ணணும்னுதான்..."

"நான் எதுவும் சொல்லல," என்றார் மேனேஜர், அவளைப் பார்க்காமல். "லெட்டர்ல அப்படி எதுவும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை, அவர் சொல்லவில்லை என்று. அதோடு எங்கள் ஆறு வருஷம் முடிந்தது. நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

லேபுக்கு வந்து, அந்த இன்ஜினியருக்கு மெயில் எழுதினேன். நேற்று நான் சொன்னது தவறு. நாலு டி.சி.யிலும் இருப்பது என் கையெழுத்து, ஆனால் எண்கள் என்னுடையவை அல்ல. கையெழுத்துப் போட்ட காலிக் கோப்பை அடுத்தவரிடம் கொடுத்தது என் குற்றம். இந்த நாலு தடவை உருக்கிய இரும்பில் வந்த எந்த லக்கையும் பயன்படுத்தாதீர்கள். ரெஜிஸ்டர் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு தடவை மெயிலை மூடிவிட்டுத் திறந்தேன். தைரியசாலி என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. அந்த லக்கில் ஒன்றுகூடக் கிரேனில் ஏறவில்லை. அந்த இன்ஜினியர் நல்ல மனிதர்தான். போன் செய்து நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்க சைன் இருக்கற டி.சி.ய நாங்க ஏத்துக்க முடியாதுன்னு எங்க மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க." அது நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொள்ள மேனேஜருக்கு அவ்வளவு அவசரம். ஆபரேட்டர் கேட் வரைக்கும் கூட வந்தார். அவள் வரவில்லை.

மீஞ்சூர் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருவள்ளூருக்கே வந்துவிட்டோம். காக்களூரில் வால்வு செய்கிற ஒரு சின்ன பட்டறையில் வேலை கிடைத்தது. இங்கே நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. வெளியிலிருந்து வருகிற வார்ப்புகளையும் அவற்றின் டி.சி.யையும் சரிபார்த்து உள்ளே அனுப்புகிற வேலை. முன்பு என்னை நம்பியவர்கள் இருந்த நாற்காலியில் இப்போது நான். அவள் எண்ணை போனிலிருந்து அழித்துவிட்டேன். எண் மனப்பாடமாகவே இருக்கிறது, அதை என்ன செய்ய முடியும்?

போன மாதம் பட்டறைக்கு ஒரு லாரி வார்ப்பு வந்தது. மெயிலில் வந்த டி.சி.யைத் திறந்தேன். என் பழைய ஃபவுண்டரி. நான் வடிவமைத்த அதே படிவம், நான் கொடுத்த அதே வரிசை எண் முறை. திருத்த முடியாது, காப்பி எடுக்க முடியாது, சொல்லிக் கொடுத்தபடி பூட்டியிருந்தாள். ஆம், அவள்தான். கீழே ஆய்வகப் பொறுப்பாளர் என்ற இடத்தில் குண்டு குண்டாக அவள் கையெழுத்து. லேபில் இருந்த அந்த ஒரு இடம் அவளுக்குப் போயிருக்கிறது.

நீளல் இருபத்து மூன்று என்று போட்டிருந்தது. மாட்டினாய் என்று நினைத்தேன். இல்லை, அதைவிடக் கேவலமாக நினைத்தேன். பட்டறை முதலாளியிடம் போய், ஒரு துண்டை வெட்டி வெளி லேபில் இழுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"டி.சி. கீதேம்மா, லாக் பண்ணி அனுப்பிக்கிறாங்க. அப்பால இன்னாத்துக்கு டெஸ்ட்டு?" என்றார்.

"இந்த ஒரு தடவ சார். என் திருப்திக்கு."

நானே துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கடைகிற வரை நின்றேன். மெஷினில் மாட்டி இழுக்கும்போது, சீக்கிரம் அறுந்துபோ, சீக்கிரம் அறுந்துபோ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்த வேலையில் இருந்த வருஷங்களில் ஒருநாளும் ஒரு கட்டையை அப்படிச் சபித்ததில்லை. அது அறுபடாமல் நீண்டுகொண்டே போனது. நடுவில் மெலிந்து, இன்னும் நீண்டு, அப்புறம்தான் அறுந்தது. லேப்காரர் அளந்து எழுதினார். இருபத்து மூன்று.

"கரெக்டா கீதுங்க மேடம். டி.சி. போட்டவங்க நல்ல வேலக்காரங்க," என்றார்.

அறுந்த இரண்டு துண்டுகளும் என் உள்ளங்கையில் இன்னும் சூடாக இருந்தன. வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன். அவளுக்கு வேலை தெரியாமல் இல்லை. நேர்மையாகச் செய்யத் தெரியாமலும் இல்லை. தன் பெயருக்கு மேலே அவள் பொய்யான எண்ணை எழுத மாட்டாள். அதை எழுத அவளுக்கு என் பெயர் வேண்டியிருந்தது.